மிஸ்ஸி படிப்புக்குக் கடன்

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் ஒருநாள், பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வந்த எங்கள் பேருந்தைச் சிப்பாய்கள் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று சோதித்தார்கள். நான் தாதியாகி, ஊரார் வாயில் ‘மிஸ்ஸி’யாகி, ஓராண்டு ஆகியிருந்தது. என் பக்கத்தில் நின்றவர் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் ஓர் அம்மாள். மகளின் பள்ளிச் செலவுக்குத் காதுத் தோட்டை விற்றுவிட்டாராம். காதுத் துளையில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“மகளும் உன்னாட்டம் மிஸ்ஸிக்குப் படிக்கணுங்கிறா. வட்டிக்குத்தான் வாங்கணும். சம்பளத்துல அடைச்சிட முடியுமாம்மா?”

“படிச்சு முடிக்கவே மூணு வருஷம் ஆகும்க்கா. நான் வாங்கின கடனே இன்னும் தீரல. சம்பளத்துல பாதி வட்டிக்கே போயிடுது.”

அவர் முகம் வாடிவிட்டது. “அவளும் என்னோட மரம் வெட்டப் போனா இந்த மாசமே கூலி வருமே,” என்றார்.

பேருந்து புறப்பட்ட பிறகு மெல்லக் கேட்டார்: “இதெல்லாம் முன்னமே தெரிஞ்சிருந்தா, நீ படிச்சிருப்பியா?”

“படிச்சிருப்பேன்க்கா.” யோசிக்காமலே வந்துவிட்டது பதில்.

கோலசிலாங்கூரில் இறங்கியவர் நேராக வட்டிக்கடையை நோக்கி நடந்தார். கூப்பிட்டு நிறுத்த நினைத்தேன். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.