சொல்லிக்கொள்ளாத ஆறு

ஆரணியாறு கடலோர ஏரியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் குப்பம். ஆறு எங்கிருந்து வருகிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. மீனும் இறாலும் கடல் பக்கமிருந்து, முகத்துவாரம் வழியாக வருகிறவை. மேற்கிலிருந்து வந்தது அம்மா மட்டும்தான். ஆற்றோரம் நெல் விளையும் ஊர் அவளுடையது. சைக்கிளில் மீன் விற்க அங்கே போன நைனாவோடு ஒரு விடியற்காலையில் பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, "போயிட்டு வரேன்" என்று சொன்ன பிறகுதான் விடுவாள். எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன். அப்போது பற்றிக்கொண்டு வரும்.

சில வருடங்களுக்கு முன், தை பிறந்ததும், "இந்த ஆத்த மலையிலருந்து கடலு வரைக்கும் ஒரு தபா பாக்கணும்டி" என்றாள். முழங்கால் வலியில் பத்தடி நடக்காதவளுக்கு ஆற்றின்மேல் திடீரென்று என்ன பாசம் என்று எனக்கு உறைக்கவில்லை. நைனாவுக்கு உறைத்திருக்க வேண்டும். என் ஸ்கூட்டியின் டயரை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அம்மா ஒரு ஒயர் கூடை நிறையக் காய்ந்த இறாலோடு பின்னால் ஏறினாள்.

பிச்சாட்டூருக்கு மேலே மலையடிவாரத்தில் ஆறு கணுக்கால் அளவுதான் இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "சப்புனு கீது" என்றாள். நான் போட்டோ எடுத்தேன். அவளுக்கு அதிலெல்லாம் மனசில்லை. திரும்பி இறங்கி, அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டைப் பாலத்தையும் தாண்டிய பிறகு ஒரு தெரு முனையில் என் தோளைத் தட்டினாள்.

ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெரியவர் நெல் காய வைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே கூடையோடு நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் வேணாம்மா. இன்னிக்கு வெள்ளிக்கிழம."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மேட்டு நிலத்திலிருந்து வந்ததால் குப்பத்தில் இன்னும் அவளுக்கு மேட்டுக்காரி என்றுதான் பெயர். இங்கே கூடப் பிறந்த அண்ணனே மீன்காரி என்கிறார்.

"போயிட்டு வரேன்னு சொல்லாம போயிட்டேண்ணா," என்றாள். "அத சொல்லத்தான் வந்தேன்."

மாமா கையிலிருந்த நெல்லைக் கீழே போட்டுவிட்டு, கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்து கூடையை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஆக்கலாம். இருந்து சாப்ட்டுட்டுப் போ."

ஆக, ஆற்றின் பாக்கி வழியை நான் தனியாகத்தான் பார்க்க வேண்டியதாயிற்று. வண்டியைக் கிளப்பும்போது அம்மா முழங்கால் வலியையும் மறந்து, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "நைனாகிட்ட நான் போயிட்டு வரேன்னு சொன்னேன்னு சொல்லு. மறந்துறாத." பெரியபாளையத்தில் மணலாகவும், பொன்னேரியில் ஆகாயத்தாமரையாகவும் ஆறு கூடவே வந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை மறந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் நைனா படகிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பின் சீட் காலியாக இருந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த டப்பா நின்றது. அம்மா எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"போயிட்டு வரேன்னு சொன்னாளா?"

இத்தனை வருடமும் அந்த மனிதர் எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"உன்கிட்ட சொல்லச் சொல்லிச்சு நைனா."

"அப்ப வந்துருவா," என்றார். மறுபடி இறைக்க ஆரம்பித்தார். படகில் தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது.