மாமாவின் படத்தை எங்கள் ஊர் பார்த்த லட்சணம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது. இதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். பெரிய நடிகர் படமென்றால் விசிலடித்துவிட்டுப் போகட்டும், அது வேறு. என் மாமா இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து எடுத்த படத்தை அவர்கள் பார்த்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கோவில்பட்டியில் பார்த்த நூல் மில் வேலையை விட்டுவிட்டு, கதாநாயகனும் பாட்டும் சண்டையும் இல்லாமல் ஒன்றேகால் மணி நேரப் படம் ஒன்றை எங்கள் கரிசல்காட்டிலேயே எடுத்தார். கணவனைச் சாகக்கொடுத்த ஒரு பெண்ணின் கதை. அவளாக நடிக்க யாரும் சம்மதிக்கவில்லை. தாலியோடு இருக்கிறவள் எவளாவது பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டுக் கேமரா முன்னால் உட்காருவாளா? கடைசியில் மாமாவின் தங்கை, அதாவது என் சித்தி, நான் நடிக்கிறேன் என்றாள். அதைவிட எல்லாரும் அதிசயப்பட்டது சித்தப்பா சரி என்றதற்குத்தான். சித்தப்பா, பெண்கள் குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத ஆள் என்று பெயர். மச்சினன் ஆசைக்கு நான் எதற்குக் குறுக்கே நிற்கவேண்டும் என்றாராம். படத்தைப் போட்டுக் காட்டக் கல்யாண மண்டபத்தைப் பேசிக்கொடுத்தவரும் அவர்தான். உன் தங்கச்சி கொடுத்துவைத்தவள் என்று அம்மாவிடம் வந்து சொல்லாதவர்கள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல்களையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி மண்டபத்தை இருட்டாக்கினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏட்டி, எவனும் பாராட்டவெல்லாம் வேண்டாம். ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் இந்தச் சனம் வாயடைச்சுப் போயி பாத்தாப் போதும். பேசுதவங்கள எல்லாம் நீ பேசாம இருக்கச் சொல்லணும், என்ன?"

பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி நான் நடுவழியில் போய் நின்றுகொண்டேன்.

முதல் காட்சியில் ஒரு வீட்டு வாசலும் இரண்டு கோழிகளும் வந்தன. அவ்வளவுதான். அது யார் வீட்டு வாசல் என்று ஒரு பக்கம் தீர்ப்பாவதற்குள், கோழி யாருடையது என்று இன்னொரு பக்கம் வழக்கு ஆரம்பித்துவிட்டது. கடம்பூர் போளி வாங்கி வந்திருந்த ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்து முன்வரிசை வரைக்கும் கைமாற்றியது. மாமா நாலு நாள் காத்துக்கிடந்து எடுத்த மேகம் திரையில் திரண்டு வந்தபோது, வானம் பார்த்து விதைக்கிற ஒரு சம்சாரி இது பெய்கிற மேகமில்லை என்று மண்டபத்துக்கே அறிவித்தார். உஷ், உஷ் என்று எனக்கு உதடு வற்றியதுதான் மிச்சம். ஒருத்தி என்னை இழுத்து மடியில் வைத்து, பேசாமல் பாரு என்று வாயில் போளியைத் திணித்தாள். யார் யாருக்குச் சொல்வது பாருங்கள்.

அடுத்தது சாவு. கணவனாக நடித்தவர் எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணாச்சி. திரையில் அவரைக் கிடத்தி மாலை போட்டிருக்கிறார்கள். மண்டபத்திலோ அவர் இரண்டாவது வரிசையில் கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருக்கிறார்.

"செத்தவிய இங்கன உக்காந்து மிட்டாய் திங்குதாவ, பாத்தியளா," என்றாள் ஒருத்தி. மண்டபமே சிரித்தது. அண்ணாச்சி எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிடு வேறு போட்டார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாமா புரொஜெக்டர் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அந்த அண்ணாச்சியின் ஆட்டோவில் அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் ஏறவில்லை.

பிறகு சித்தி வந்தாள். வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாகச் சுவரில் சாய்ந்திருக்கிறாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அவள் எழுந்து கதவைச் சாத்துகிறாள். திரும்பி வந்து தரையில் காலை நீட்டி உட்காருகிறாள். நீளமாக ஒரு மூச்சு விடுகிறாள். அப்புறம் வாய் நிறையச் சிரிக்கிறாள்.

சாவுக் காட்சியில் நடித்தவர்களைக் கடைசியில் ஒருதடவை சிரிக்கச் சொல்லிப் படம் பிடிப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். கெட்டது கழியட்டும் என்று எடுப்பதுதான், படத்தில் சேர்க்கமாட்டார்கள். சித்தியையும் அப்படித்தான் சிரிக்கச் சொன்னதாகவும், அது தவறிப்போய்ப் படத்தில் சேர்ந்துவிட்டதாகவும் மாமா பிற்பாடு எல்லாரிடமும் சத்தியம் செய்தார். அன்றைக்கு நான் அதை நம்பினேன். அவ்வளவு நீளச் சிரிப்பு தவறிச் சேருமா என்று கேட்கும் வயதில்லை எனக்கு.

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடியிலிருந்து குதித்து இறங்கி மாமாவைப் பார்த்துக் கையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த சித்தப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா எழுந்தார், வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் வெளியே போனார். பெண்கள் பக்கத்தில் சித்தி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

அதற்கப்புறம் ஊரும் எழுந்துவிட்டது. பாதிப் படம் பாக்கி இருக்கிறது, ஆளற்ற நாற்காலிகளுக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை நேரம் வாய் ஓயாதவர்கள் செருப்பைத் தேடும்போதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சொந்தத் தம்பி படத்தையே முழுசாகப் பார்க்காத அக்காவை என்ன சொல்ல?

வெயிலில் நடக்கும்போது, எனக்குத் தோன்றிய அதிசயத்தை அம்மாவிடம் சொன்னேன்.

"எம்மா, சித்திக்குத் தெத்துப்பல்லு இருக்கு, பாத்தியா?"

பள்ளிக்கூடம் விட்டால் தினமும் சித்தி வீட்டில் சாப்பிட்டு, அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். அந்த மத்தியானம் வரைக்கும் அது எனக்குத் தெரியாது.

அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். என்னை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு அழுதாள். படம் பாதியில் போய்விட்ட வருத்தம் என்று நினைத்து, மாமா இன்னொரு நாள் முழுசாகப் போட்டுக் காட்டுவார் என்று நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.