அஷ்டமியன்று துடித்த தோல்

கையில் ப்ளீச் பாட்டிலோடு நின்றேன். கொல்கத்தா சால்ட் லேக்கில் ஓர் ஆய்வகத்தில், செல்களை வளர்க்கும் கல்ச்சர் ரூமில் முப்பது வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். தேறாத டிஷ்ஷில் ப்ளீச் ஊற்றிச் செல்களைக் கொல்வது பழகிய வேலைதான். அன்று மட்டும் சங்கடமாக இருந்தது. டிஷ்ஷில் இருந்தது என் தோல்.

ஆராய்ச்சி மாணவி நந்தினிக்காக, முறைப்படி கையெழுத்துப் போட்டு, முழங்கையருகே துளி தோல் கொடுத்திருந்தேன். பல மாதம் பாடுபட்டு அந்தச் செல்களைத் தோல் என்பதையே மறக்கவைத்து, பிறகு இதயத் தசையாக்குவது அவள் வேலை.

"வேப்பமரத்துல மாங்கா காய்க்குமாம்மா?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"அங்கிள், எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்ஸ்தான். தோல்லயும் இதயத்துக்கான ஜீன் இருக்கு, ஆனா மூடி வெச்சிருக்கு. நீங்க வீட்ல தமிழ், பஜார்ல பெங்காலி, மேடம்கிட்ட இங்கிலீஷ். ஆள் ஒண்ணுதானே?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேட்ச் பாழ். மூன்றாவது பேட்ச்சும், இதயத் தசையாக்கத் தொடங்கிய பத்தாம் நாளுக்குள் துடிக்காவிட்டால் ப்ராஜெக்டை மூடுவதாக ஆய்வகத் தலைவி மேடம் சொல்லிவிட்டார். அவளுடைய நாலு வருஷ உழைப்பு போய்விடும்.

பத்தாம் நாள் துர்கா பூஜை அஷ்டமியில் விழுந்தது. செல்லுக்கு ஏது பூஜை லீவ்? இருவரும் வந்தோம். பார்க்கத் தைரியமில்லாமல் அவள் கதவருகே நின்றுவிட்டாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். எல்லாமே ஆடியது. பக்கத்துப் பந்தலில் டாக் மேளத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. கொட்டுல மேஜை ஆடுது, அவ்வளவுதான்."

பாட்டிலைத் திறந்தேன்.

"அங்கிள், மேளம் நிக்கட்டும். ஒரே ஒரு தடவை பாருங்க, ப்ளீஸ்."

ஆரத்தி முடிந்து மேளம் ஓய்ந்தது. வேண்டாவெறுப்பாகக் குனிந்தேன். டிஷ் முழுக்க அசைவில்லை. ஒரு மூலையில் மட்டும் சின்னத் திட்டு ஒன்று சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

அவளை இழுத்துவந்து காட்டினேன். "ஓ மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மணிக்கட்டில் விரல் வைத்தபடி மறுபடி பார்த்தேன். என் நாடி ஒரு வேகத்தில் ஓடியது. என் தோலில் பிறந்த அந்தத் துடிப்பு தனக்கென ஒரு வேகத்தில் போனது. யாரையும் கேட்கவில்லை. மலைத்துப்போனேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: ப்ளீச் ஊற்றுமுன் மேளம் நிற்கும்வரை பொறுங்கள். எனக்கென்னவோ இப்போதும் முழங்கை அரித்தால் பதமாகத்தான் சொறியத் தோன்றுகிறது.