ஆறு காணாதவன்

யாழ்ப்பாணத்துக் குருநகர் சிமியோனுக்கு அந்த நினைப்பு முதன்முதலாக வந்தது 1971 மாசி மாதத்தில், வள்ளத்தில் வைத்து. அண்ணன் லியோன் விளிம்பில் குனிந்து நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற சிமியோனின் தலைக்குள் 'தள்ளிவிடு' என்று ஒரு சொல் விழுந்தது.

அண்ணனோடு அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை. பதினைந்து வருடமாக ஒரே வள்ளத்தில் தொழில். லியோனுக்கு இடது கை சரியாக விளங்காது. தண்ணீரில் விழுந்தால் தத்தளிப்பார். அது தெரிந்ததால்தானோ என்னவோ, நினைப்பு அந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. அடுத்த நாளும் வந்தது. வரக்கூடாது என்று பல்லைக் கடித்தால் இரண்டு மடங்காக வந்தது. சிமியோன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு வள்ளத்தின் மறு அந்தத்தில் போய் இருந்தான். மீன் வெட்டும் கத்தியை ஒருநாள் யாரும் பார்க்காதபோது கடலில் போட்டான்.

பிறகு வயிற்றுக்குத்து என்று சொல்லித் தொழிலுக்கே போகாமல் நின்றான். கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். மனம் சம்மதிக்காத நினைப்பு பாவமில்லை என்றார் சுவாமி. அந்த ஆறுதல் ஒருநாள்கூட நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனான், அதற்கடுத்த சனியும். ஐந்தாம் முறை சுவாமிக்கே அலுத்துவிட்டது.

"இனி இதுக்கெண்டு வராதை, சிமியோன். ஆசுப்பத்திரிக்குப் போ."

"எனக்கு விசரெண்டு சொல்லுறியளோ, சுவாமி?"

"இல்லை. உனக்கு நித்திரை இல்லையெண்டு சொல்லுறன்."

மனைவி கத்தரீனாதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஓர் இளம்பெண், கண்டிப் பக்கத்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "கண்ண மூடிக்கங்க. ஒரு ஆறு ஓடுது. அதுல இலைங்க மிதந்து போகுது. வர்ற நினைப்ப ஒவ்வொண்ணா இலையில வச்சு, அது போறதப் பாருங்க" என்றார்.

சிமியோன் கண்ணை மூடினான், திறந்தான்.

"டொக்டர், நான் ஆறே காணேல்லை."

யாழ்ப்பாணத்தில் ஏது ஆறு? படத்தில் பார்த்த ஒன்றை நினைத்து, வீட்டு முற்றத்தில் இருந்து மூன்று வாரம் முயன்றான். இலை அசையவில்லை. அசைந்தாலும் அதன் மேல் அண்ணனே இருந்தார், நனைந்துகொண்டு. ஆத்திரத்தில் வாளியைக் காலால் எத்தினான். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

மறுபடி டாக்டரிடம் போய்ச் சீறினான். "போ, போ எண்டு தள்ளுறன். திரும்பி வருகுது!"

"தள்ளவே வேணாம். பார்த்தா போதும். ஆறு வேணாம்னா நீங்க தினம் பார்க்கிற எதையாச்சும் எடுத்துக்கங்க."

தினம் பார்ப்பது சாதாளை, கடலில் மிதக்கும் பாசி. வள்ளத்துக்குக் கிட்ட வரும், உரசும், நீரோட்டத்தோடு போய்விடும். அதோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

அன்று பின்னேரம் லியோன் வீடு தேடி வந்தார். "வேறை வள்ளத்துக்குப் போகப் போறியோ? முகத்தைப் பாத்துச் சொல்லு."

"இல்லை, அண்ணை. உங்களைத் தண்ணிக்குள்ளை தள்ளிப்போடுவனோ எண்டு பயமாய்க் கிடக்கு."

"நான் உனக்கு என்னடா செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்."

"தள்ளுறவன் ரெண்டு மாசம் வயித்துக்குத்தெண்டு படுத்துக் கிடப்பானோ? காலமை வா."

காலையில் போனான். முதல் வலை வருவதற்குள் நினைப்பு ஆறு தரம் வந்தது. ஐந்தைச் சாதாளையாகப் பார்த்து விட்டுவிட்டான். ஆறாவது போகவில்லை. வாய்க்குள் திட்டினான்.

"என்னடா?"

"வந்து நிக்குது."

"உது நிக்கட்டும். நீ கயிறைப் பிடி."

லியோன் முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பில் குனிந்தார். சிமியோன் கயிற்றைப் பிடித்தான். வலை ஏறியது.

நினைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. நாட்கணக்கில் வராது, பிறகு ஒரு கிழமை விடாமல் வரும். டாக்டர் மாற்றலாகிப் போனார். சிமியோன் தொழிலை மட்டும் விடவில்லை.

1980இல் மகள் அருமைநாயகியின் கல்யாணம். அவளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போகையில், 'தூஷணம் சொல்லிக் கத்து' என்று புதிதாக ஒன்று வந்தது. இத்தனை வருடம் கழித்து, அதுவும் இன்றைக்கா! காது சிவக்கக் கோபம் ஏறியது. அது பாட்டுக்குக் கத்தட்டும் என்று பீடம்வரை நடந்து முடித்தான்.

"ஏனப்பா முகம் கடுகடுக்குது? மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லையோ?" என்று கத்தரீனா காதுக்குள் கேட்டாள்.

"மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. எனக்கு என்ரை தலையைத்தான் பிடிக்கேல்லை."