தண்ணி லாரிக்கு எந்த ஆயில்?

1. கண்ணாடி மேல் ஒழுகிய ஆயில்

ஒரு திங்கட்கிழமை காலை. கடையைத் திறந்து, கவுண்டர் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டு, மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். தணிகாசலம் அண்ணன் விறுவிறுவென்று உள்ளே வந்தார். லாரியிலிருந்து உருவிய, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை, ஆயில் ஒழுக ஒழுக, அந்தக் கண்ணாடி மேலேயே வைத்தார்.

"பாரு ஸ்டெல்லாம்மா. உன் ஆயில் லட்சணத்த நீயே பாரு. போன வாரம்தான் ஊத்துனேன், அதுக்குள்ள அடிக்கோட்டுக்குக் கீழ எறங்கிக் கீது. வண்டி குடிக்குதா, இல்ல நீ தண்ணி கலந்து குடுக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஊரறிந்த விஷயம்தான்.

"தண்ணி விக்கிறது நீங்கண்ணா. நான் ஆயில் விக்கிறேன். மொதல்ல அந்தக் கம்பிய எடுங்க, கண்ணாடி நாசமாப் போச்சு" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"கன்னியம்மா சொல்லிட்டாம்மா. ஆடிக் கிருத்திகைக்குள்ள பொகையும் நிக்கணும், ஆயில் குடிக்கிறதும் நிக்கணும். இல்லன்னா அவனக் காயலாங்கடைக்குத் தள்ளிடுவேன்னு."

'அவன்' என்பது அவருடைய லாரி. நெற்றியில் 'வல்லக்கோட்டையான்' என்று பக்கத்து ஊர் முருகன் பெயர் எழுதியிருக்கும் பழைய தண்ணி லாரி. கன்னியம்மா அவருடைய மனைவி. வல்லம் வடகாலில் இவர்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, வந்த தொகையில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, டேங்க் ஏற்றி, ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஹாஸ்டல்களுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் அடிக்கிறார்கள். நெல் விளைந்த இடத்தில் கம்பெனி நிற்கிறது, நெல்லுக்குப் பதில் வந்தது இந்த லாரி. அது போய்விட்டால் இந்த மனிதர் என்ன செய்வார்? கோபம் போன இடம் தெரியவில்லை.

நான் மறைமலை நகரில் ஒரு லாரி கம்பெனி டீலரிடம் பார்ட்ஸ் கவுண்டரில் பல வருஷம் நின்றவள். பிறகு ஒரகடம் கூட்ரோட்டில் சொந்தமாக ஆயில் கடை போட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "பழைய லாரிக்கு எந்த ஆயில் குடுக்கணும்?" ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், வல்லக்கோட்டையான் வருகிற வரைக்கும்.

2. விலை உயர்ந்த ஆயில்தான் வேண்டுமாம்

அன்றைக்கு அண்ணன் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். மேல் அலமாரியில் இருந்த வெள்ளி நிற கேனைக் காட்டினார். புது பி.எஸ். சிக்ஸ் லாரிகளுக்கான ஆயில் அது. கடையிலேயே விலை கூடியது.

"அதக் குடு. டீக்கடையில அந்த டிரைலர் டிரைவர் சொன்னான், அத ஊத்துனா மாத்தவே வேணாமாம், ஓடிக்கினே இருக்குமாம்."

"அது உங்க வண்டிக்கு ஆவாதுண்ணா."

"ஏன் ஆவாது? பழசுன்னா எளக்காரமா? புது வண்டிக்கு ஒண்ணு, என் புள்ளைக்கு ஒண்ணா?"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பிள்ளைக்கு உயர்ந்த துணி எடுக்க வந்தவரிடம் 'உங்களுக்கு இது கட்டுப்படியாகாது' என்று சொன்ன மாதிரி நினைத்துவிட்டார்.

கேன் மேல் எழுதியிருக்கும் நம்பரை வைத்து அவருக்கு விளக்கினேன். 15W-40 என்றிருந்தால், முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பது, பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. புது எஞ்சினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி நூல் அளவு. அதற்கு ரசம் மாதிரி இளகின ஆயில் போதும். இருபது வருஷம் தேய்ந்த எஞ்சினில் இடைவெளி பெரிது. அங்கே ரசம் நிற்காது, சாம்பார் வேண்டும். வெள்ளி கேன் 10W-30, அது ரசம்.

"அப்போ எனக்கு சாம்பார்தானா?" என்றார்.

"உங்க வண்டி புத்தகத்துல 15W-40-ன்னுதான் போட்ருக்கு. இத்தனை வருஷமா அதத்தான் நானும் குடுக்கறேன்."

"அதத்தான குடிச்சித் தீக்குது!"

 ஆனாலும் வெள்ளி கேனைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வியாபாரம் போனாலும் பரவாயில்லை, கொலைப் பழி வேண்டாம்.

3. ரஃபீக் பாயின் கெட்டி ஆயில்

தணிகாசலம் அண்ணனின் மெக்கானிக் ரஃபீக் பாய், என் கடைக்கு எதிர்வரிசையில் பட்டறை வைத்திருக்கிறவர். கை சுத்தம், வாய் நீளம். அவர் ரோட்டைத் தாண்டி வந்து தீர்ப்பு சொன்னார்.

"ஸ்டெல்லாக்கா புத்தகம் படிச்சிக்கினு இருக்கட்டும். வண்டி பழசு, ரிங் தேய்ஞ்சிபோச்சி. 20W-50 ஊத்து நைனா, கெட்டியா நிக்கும், ஒரு சொட்டு மேல ஏறாது."

பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் என்பது இந்த ரோட்டில் எல்லாரும் சொல்கிற வேதவாக்கு. முழுப் பொய்யும் இல்லை. கெட்டி ஆயில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தேய்ந்த ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரிவது குறையும். நீலப் புகையும் அடங்கும். ஆனால் குறைகிறது என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதைச் சொல்லிப் பார்த்தேன். பாய் கேட்கவில்லை, அண்ணனுக்குக் கேட்கிற பொறுமையும் இல்லை.

கொஞ்ச நாள் புகை நின்றது. அண்ணன் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் ஹாரன் அடித்து என்னைக் கேலி செய்துகொண்டு போனார். நானும் கையை ஆட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

பிறகு ஒரு நாள் ஹாரன் அடிக்காமல் போனார். பின்னால் நீலப் புகை, பழையபடி. காலையில் எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் ஆயில் பிரஷர் விளக்கு வேறு மினுக்க ஆரம்பித்திருந்தது. அது முன்னால் இல்லாத வியாதி. பெண்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன், பொண்ணுங்க துணி காயப் போட்ட இடமெல்லாம் புகை அடிக்கிறது, இனிமேல் இந்த லாரி உள்ளே வரக்கூடாது என்று கேட்டிலேயே சொல்லிவிட்டானாம். கன்னியம்மா காயலாங்கடைக்காரனுக்கு போன் போட்டுவிட்டாள். அவனும் வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு அண்ணன் ஆயில் வாங்காமலே திரும்பிப் போனார்.

4. என் வீட்டு மொட்டை மாடி

இந்த நேரத்தில்தான் என் வீட்டு போர்வெல் கைவிட்டது. கத்திரி வெயில். தண்ணீருக்கு அண்ணனைத்தான் கூப்பிட்டேன்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் லாரியை நான் பார்த்ததெல்லாம் கடை வாசலில் நின்றபோதுதான். வந்து நிற்கும், ஆயில் வாங்கும், போகும். அது வேலை செய்து பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டு முன்னால் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பைப்பை மாடித் தொட்டிக்கு இழுத்துக் கட்டிவிட்டு, கேபினில் ஏறி ஒரு லிவரைத் தள்ளி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். எஞ்சின் பலத்தில்தான் பம்ப் ஓடுகிறது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை, ஆனால் எஞ்சின் நெடுஞ்சாலையில் ஓடுவது போல் உறுமிக்கொண்டே இருந்தது. கீழே தரை சூடு, மேலே வெயில், முன்னால் காற்றே இல்லை. நான் மோர் கலக்கி எடுத்துவந்து, அவர் குடித்து, கன்னியம்மாவைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பி முடித்தும் அது நிற்கவில்லை.

எட்டி கேபினுக்குள் மீட்டரைப் பார்த்தேன். கிலோமீட்டர் முள் அசையாமல் இருந்தது. எனக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

"அண்ணா, ஒரு நாளைக்கு எத்தன வூட்டுக்கு இப்படி நின்னு அடிப்பீங்க?"

"காலையில ஆரம்பிச்சா பொழுது சாயறவரைக்கும். எல்லாம் இங்க சுத்திதான், வல்லம், ஒரகடம். தூரமே கெடையாது. வண்டி ஓட்டமே இல்லாத வண்டிம்மா இது, தேய மாட்டான்."

"ஆயில் எப்போ முழுசா மாத்துவீங்க?"

கேட்கக் கூடாததைக் கேட்ட மாதிரி பார்த்தார். "ஆடிக் கிருத்திகைக்கு ஒருவாட்டி, தைக் கிருத்திகைக்கு ஒருவாட்டி. வல்லக்கோட்டையில சாமிக்கு அபிஷேகம் ஆவும்போது இவனுக்கும் ஆவணும்ல? நடுவுல கொறைஞ்சா ஊத்திக்கினே இருக்கேன். புதுசு மேல புதுசு. அப்புறம் எங்கேர்ந்து பழசாவும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நேத்து வச்ச குழம்புல இன்னிக்குக் குழம்ப ஊத்துனா, மொத்தக் குழம்பும் புதுசாயிடுமாண்ணா? கன்னியம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, கரண்டியாலேயே போடுவா."

 சொன்ன கையோடு எனக்கே உள்ளுக்குள் சுருக்கென்றது. பழசா புதுசா, கெட்டியா இளக்கமா என்றே நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டிருக்கிறோம். வண்டி நாள் முழுக்க என்ன வேலை செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

5. சம்ப்பைக் கழற்றிய நாள்

ரஃபீக் பாயிடம் நானே போனேன். சண்டைக்கில்லை. "பாய், எஞ்சின் சம்ப்பக் கழட்டிப் பாருங்க, கூலி என் கணக்கு" என்றேன். பாய் முறைத்தார், ஆனால் கழற்றினார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு வீம்பு கிடையாது.

ஆயில் தேங்குகிற அந்த அடித்தொட்டியில் கருப்பாக மண்டி. அடிப்பிடித்த களி மாதிரி, ஸ்பேனர் முனையால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிற ஸ்ட்ரெய்னர் வலையில் பாதி அடைத்திருந்தது. அதில் கெட்டி ஆயில் ஏற முடியுமா? அதனால்தான் பிரஷர் விளக்கு மினுக்கியது. இதே கரி ரிங்குகளிலும் படிந்து இறுகியதால்தான் ஆயில் மேலே ஏறிப் புகைந்தது.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஐயோ பாவம், இத வச்சிக்கினுதான் இவ்ளோ நாள் தண்ணி தூக்கிக்கினு இருந்தானா?" என்று லாரியைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன்.

சம்ப், ஸ்ட்ரெய்னர் எல்லாம் கழுவி மாட்டினார். ஃபில்டர் புதிது. ஆயில் அதே 15W-40, ஆனால் CI-4 ரகம். கரியைத் தன்னோடு தூக்கி வைத்துக்கொள்ளும், அடியில் படியவிடாது. பல வருஷ அழுக்கு உள்ளே இருக்கும்போது இந்த ஆயில் அதைக் கரைத்துக் கிளப்பும். அதனால் முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டு, ஃபில்டரையும் திரும்ப மாற்றச் சொன்னேன். இதை மறந்தால் கிளம்பின அழுக்கே போய் அடைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் இதை முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். இனிமேல் எப்போது மாற்றுவது? கிலோமீட்டர் இந்த வண்டிக்குப் பொய் சொல்லும். எஞ்சின் ஓடின மணி நேரத்தைக் கணக்கு வையுங்கள் என்றால் அண்ணன் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன், அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு மாதம் ஒருமுறை வந்தது. மாதம் ஒருமுறை என்று சொன்னால் கன்னியம்மா விளக்குமாற்றை எடுப்பாள். ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அண்ணனையும் கன்னியம்மாவையும் பட்டறைக்கு வரவழைத்து, வாசலிலேயே உட்கார வைத்தேன்.

"அண்ணா, முருகனுக்குக் கிருத்திகை வருஷத்துக்கு ரெண்டுதானா?"

"இன்னாம்மா இது, மாசா மாசம் கிருத்திகை உண்டே."

"அன்னிக்கெல்லாம் கோயில்ல அபிஷேகம் உண்டா?"

"கூட்டம் தாங்காது."

"சாமிக்கு மாசா மாசம், உங்க புள்ளைக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டா? இது இன்னா நியாயம்?"

அண்ணன் திகைத்துப்போய் கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சாமானியமாக ஏமாறுகிறவள் இல்லை.

"உன் கடை ஆயிலு ஓட்றதுக்கு எங்க சாமிய இழுக்கிறியாக்கா?"

"ஆமாண்டி" என்றேன். "ஓடலன்னா காயலாங்கடைக்காரன் டயரோட இழுத்துக்கினு போவான். எது வேணும் சொல்லு."

அவள் எழுந்து போய் லாரியின் பம்பரில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் சுரண்டினாள். "ஆடிக் கிருத்திகை வரைக்கும்தான் கெடு. அதுல மாத்தமில்ல" என்றாள்.

6. கடைசியாக

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்துக்கு நடுவே வல்லக்கோட்டையான் மாலை போட்டுக்கொண்டு போனதை என் கடை வாசலிலிருந்து பார்த்தேன். பின்னால் புகை இல்லை. சுத்தமாக இல்லை என்று சொன்னால் பொய். ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், கொஞ்சம் ஆயில் இன்னும் குடிக்கத்தான் செய்கிறது. அந்த வயசுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? ஹாஸ்டல் கேட் திரும்பத் திறந்துவிட்டது. அண்ணன் அழுத்தி அடித்த ஹாரனில் ரோட்டில் நாலு பேர் திட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கு மறைக்க வேண்டும்?

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பழைய எஞ்சின் என்று ஒருவர் வந்தால், கேனை எடுப்பதற்கு முன்னால் அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். எங்கே நிற்கிறது, நின்றபடியே எவ்வளவு நேரம் ஓடுகிறது, கடைசியாக எப்போது முழுசாக மாற்றினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள். நம்பரும் ரகமும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த மாதக் கிருத்திகையை, வேலை மும்முரத்தில் நானே மறந்துவிட்டேன். கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்கிறேன், கன்னியம்மா நிற்கிறாள். நெற்றி நிறைய விபூதி, கையில் டிப் ஸ்டிக்.

"அந்தாளு மறந்துட்டு ட்ரிப்புக்குக் கெளம்பிட்டாருக்கா. நான்தான் கீழ எறக்கி சாவியப் புடுங்கிக்கினேன். இன்னிக்குக் கிருத்திகை. கேன எடு."

சொல்லிக்கொண்டே அந்தக் கம்பியை, ஆயில் ஒழுக ஒழுக, நான் அப்போதுதான் துடைத்து வைத்த கண்ணாடி மேல் வைத்தாள்.

"இத்தப் பாரு. நம்ம புள்ள நல்லா கீறானா?"

"நல்லா கீறான்" என்றேன். அன்றைக்கு அந்தக் கண்ணாடியை நான் சாயங்காலம் வரை துடைக்கவில்லை.