பெயிண்டரின் பெட்டிக்கு ஒரு பூட்டு

பூட்டுக்காரருக்குப் பெயிண்டரைக் கண்டாலே வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, கலப்படமில்லாத பொறாமை. ஊசிப் போதையை விடுவதற்கான மருந்தைத் தினமும் காலை பத்து மணிக்கு மருத்துவமனை ஜன்னலில் நின்று, நர்ஸ் கண்ணெதிரே குடித்தாக வேண்டும். பத்து மாதமாக அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் அவரைக் கூப்பிடுவதும் அதே நேரம்தான். இப்படியே போனால் மருந்து, கடை இரண்டில் ஒன்றைக் கைகழுவ வேண்டியதுதான். இவருக்கு ஏழு மாதம் பிந்தி வந்த பெயிண்டருக்கோ, ஒரு வாரத்து மருந்தை வீட்டுக்கே கொடுக்கப்போகிறார்களாம்!

மருந்தை வைக்கப் பூட்டிய பெட்டி வேண்டும். சாவி தன்னிடம் இருக்கும் என்று வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி. பெயிண்டருக்குப் பெண்டாட்டி இருந்தாள். இவருக்கு இருந்தது ஓர் அக்கா.

"உனக்குப் பூட்டு ஒரு கேடா?" என்றாள் அக்கா. "என் பீரோவைக் கொண்டை ஊசியால திறந்து வளையலத் தூக்கிட்டுப் போனவன்தானே நீ? சாவிய நான் வெச்சிருந்தா என்ன, கிணத்துல போட்டா என்ன?"

கையெழுத்துக்காகக் கொண்டுவந்த காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார்.

ஒரு மத்தியானம் பெயிண்டரும் பெண்டாட்டியும் தகரப் பெட்டியோடு அவர் கடையிலேயே வந்து நின்றார்கள். பூட்டு வேண்டுமாம். எரிச்சலில் முதலில் ஒரு மட்டமான பூட்டைத்தான் எடுத்தார். தொழில் மானம் விடவில்லை. இருப்பதில் உறுதியானதையே மாட்டிக் கொடுத்தார்.

அவள் ஒரு சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இன்னொன்றை அவரிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்ணே. நான் தொலைச்சிட்டேன்னா இவருக்கு மருந்து தப்பிடும்."

"நானும் அதே வரிசைல நிக்கிறவன்தாம்மா. தெரியுமா?"

"தெரிஞ்சுதான் குடுக்கறேன். அந்த மருந்தோட அருமை வேற யாருக்குத் தெரியும்?"

சாவி இல்லாமலே எதையும் திறக்கத் தெரிந்த கை, அந்தச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திற்று.

சாயங்காலம் அதை அக்காவிடம் காட்டி நடந்ததைச் சொன்னார். அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் கடுகடுவென்று ஆனது.

"யாரோ ஒருத்தி, எனக்கு முன்னாடி உன்னை நம்பிட்டாளா?"

அந்தக் குரலில் இருந்தது என்ன சரக்கு என்று அவருக்கு உடனே தெரிந்தது. இத்தனை நாளாகப் பெயிண்டரைப் பார்த்து அவரே அதைத் தின்றுதானே வாழ்ந்தார்.

"அந்தக் காகிதம் எங்க? கொண்டா இங்க," என்று பேனாவைத் தேடினாள் அக்கா. "பூட்டு மட்டும் அவளோடத விடப் பெருசா மாட்டணும், சொல்லிட்டேன்."