கீழே இருந்த வரி

பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டு மூன்று வருஷம் கழித்துத்தான் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த நாளை அப்பா கல்யாண நாள் போல எதிர்பார்த்திருந்தார். காரணம் சித்தப்பா.

சித்தப்பா தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதையே பத்துத் தடவைக்கு மேல் வாசித்திருந்தார். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் அரசியல் ஞானி எழுதியது. பெயர் வாயில் நுழையாததால் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் அவர் ‘இங்கிலீசுப் பெரியவர்’. நிலம் ஆதியில் எல்லோருக்கும் பொது; தன் உழைப்பை அதில் கலக்கிறவனுக்கு அது சொந்தமாகிறது; மக்கள் சம்மதம் இல்லாமல் அரசாங்கம் இல்லை. இதைப் படித்துத்தான் பல தேசங்கள் தங்கள் சட்டங்களையே எழுதிக்கொண்டன என்பார் சித்தப்பா.

“நம்ம சனத்தப் பத்தி அம்புட்டு நாளைக்கு முந்தியே எழுதியிருக்காராப்பா?” என்று அப்பா ஒருநாள் கேட்டார். ஆமாம், காடு வெட்டித் தேயிலை நட்டது நம் சனம்தானே, விசாரணையில் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும் என்றார் சித்தப்பா.

விசாரணையன்று அம்மா கைக்குழந்தையோடு அரசாங்கக் கந்தோர் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வயதுச் சிறுமியான நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவின் பின்னால் உள்ளே போனேன். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்குக்கூட நாற்காலி போடச் சொன்னார். தாயின் சாவுக்கு இந்தியா போன அப்பா, அங்கே காய்ச்சலில் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டிருந்தார். ஆகவே இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தவராக ஏற்க முடியாது என்றார் அதிகாரி.

சித்தப்பா புத்தகத்தை மேசைமேல் விரித்து இங்கிலீசில் பேசினார். அதிகாரி கோபிக்கவில்லை. புத்தகத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. சர்வகலாசாலையில் அவர் அதைத்தான் படித்தாராம். அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார். பிறகு அதற்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, அதையும் வாசிக்கச் சொன்னார்.

சித்தப்பா குனிந்து வாசித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

நானோ வாசலுக்கு ஓடி, அந்த ஐயாவும் பெரியவர் கட்சிதான், நமக்குக் கிடைத்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

கீழே என்ன எழுதியிருந்தது என்று பஸ்ஸில் அப்பா கேட்டபோதுதான் சித்தப்பா சொன்னார்.

“என் வேலக்காரன் வெட்டுன புல்லு எனக்குத்தான் சொந்தம்னு போட்டிருக்குண்ணே.”

“பெரியவரே எழுதுனதா?”

“அவரேதான்.”

அப்பா பஸ் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இடம் காலியான பிறகும் உட்காரவில்லை. எங்களிடம் ஒரு மாடுகூட இல்லை. யாரோ வெட்டிய புல்லுக்காக இவர்கள் இருவரும் ஏன் இப்படி இடிந்துபோனார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுப்புக் கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. அந்த வரியைச் சித்தப்பா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாரா, இல்லை பத்துத் தடவையும் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.